திரும்பிப் பார்த்த முகம்

அன்பு பவி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பா, உங்க லாக்புக்ல நாலு மாசம் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?" என்று கேட்டாய். நான் "மஞ்சக்காமாலை" என்றேன். நீ "ஓ" என்று விட்டுவிட்டாய். எனக்கு அந்த "ஓ"வைத் தெரியும். ஐந்து வயதில், கடலில் உப்பை யார் போட்டது என்று நீ கேட்டு, நான் எதையோ சொல்லி ஒப்பேற்றும்போதும் இதே "ஓ" வரும். இரண்டு நாள் கழித்து, கப்பலில் இருப்பவர்கள் ஏன் கடல் தண்ணீரிலேயே சாம்பார் வைப்பதில்லை என்று அதே கேள்வி வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கும். நீ நம்பவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. விமானி தான் பறந்த ஒவ்வொரு நாளையும் தன் கையாலேயே எழுதி வைக்கும் புத்தகம் அது. போன லீவில் டிரங்குப் பெட்டியைக் குடைந்து நீ அதை எடுத்துக்கொண்டு போனபோது, பெருமைக்குத்தான் எடுக்கிறாய் என்று நினைத்தேன். எண்ணிப் பார்க்க எடுத்துப் போயிருக்கிறாய். சரியான என் மகள்தான்.

அடுத்த வாரம் உனக்குப் பறக்கும் பயிற்சி தொடங்குகிறது. நான் போட்ட அதே வெள்ளை உடுப்பு, விமானி ஆனதும் நெஞ்சில் குத்தும் அதே தங்க இறக்கை, அதே கடற்படை. அதற்கு முன்னால் அந்த நாலு மாதத்தை உனக்குச் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் இடையில் நூறு கேள்வி கேட்பாய், நான் எங்கேயாவது சறுக்கிக்கொண்டு தப்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்கும் நேற்று வரை பாதிதான் தெரியும். மீதியைச் சொன்னதும், "இதுக்குத்தான் திங்கக்கிழமை மலைக்குப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம், அதற்குத்தான் போனேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில், கரும்பைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத ஊரில் பிறந்தவன் நான். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறேன். கடற்படைத் தேர்வில், வரிசையாக உட்கார்ந்திருந்த அதிகாரிகளில் ஒருவர், "தம்பி, கடலைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். "இல்லை சார்." "நீச்சல்?" "கிணற்றில் மட்டும் சார்." "பிறகு எதற்குக் கடற்படை?" "பார்க்கத்தான் சார்." அவர்கள் சிரித்தார்கள். நான் பகடி பண்ணவில்லை, நிஜமாகவே அதுதான் காரணம். அந்தப் பதிலுக்காகத்தான் எடுத்தார்கள் என்று இன்றுவரை நம்புகிறேன். பிறகு ஹெலிகாப்டர் ஓட்டப் போகிறாயா என்று கேட்டபோதும் யோசிக்காமல் சரி என்றேன். கடலைப் பார்த்தாயிற்று, மேலேயிருந்தும் பார்க்கலாமே. எதையும் பார்த்துவிட வேண்டும் என்ற இந்த நமைச்சல் எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது, பவி. ஒரு தடவை கெடுத்தும் இருக்கிறது.

உன் தாத்தாவை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். எங்கள் பக்கத்தில் அவருக்கு ஒரு விஷயத்தில் பேர். கரும்பு வெட்டி முடித்ததும் நிலத்தில் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை, முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். அதைக் கொளுத்தினால்தான் மறுபடி அடிக்கட்டை துளிர்க்கும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் கொளுத்துவார்கள். பக்கத்தில் வெட்டாத கரும்பு நிற்கும். காற்று கொஞ்சம் திரும்பினாலும் ஒரு வருஷப் பாடு போச்சு. அதனால் தீ வைப்பதற்கு முன்னால் உன் தாத்தாவைக் கூப்பிடுவார்கள். அவர் வரப்பில் நின்று கையளவு மண்ணை எடுத்து விடுவார், சோகையை ஒன்று கிள்ளி மேலே போடுவார், மூக்கைச் சுருக்குவார். "இப்ப வாணாம், வெயிலு எறங்கட்டும்" என்றால் யாரும் தீக்குச்சி உரசமாட்டார்கள். எனக்கு வானிலை பற்றிப் பாடம் எடுத்த அதிகாரிகளிடம் கருவிகள் நிறைய இருந்தன. உன் தாத்தா அளவுக்கு நிச்சயத்தோடு பேசியவர்கள் ஒருவருமில்லை.

நான் இறக்கை வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. மாசி மாதம். கடற்கரையில் இருந்த எங்கள் தளத்திலிருந்து கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு ஹெலிகாப்டரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வேலை. பின்னால் ஒரே ஒரு டெக்னீஷியன். வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தேன். கோடு எங்கள் ஊருக்கு ஒரு விரல் அகலம் தள்ளிப் போனது. ஒரே ஒரு விரல். நீயே சொல், எனக்கு எப்படி இருந்திருக்கும்? "அடுத்த வாரம் ஒரு நாள் நம்ம ஊருக்கு மேலே போவேன், பாருங்க" என்று முந்தின வாரமே வீட்டுக்குக் கார்டு போட்டுவிட்டேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள். தெரியாமல் செய்ததென்று நானே பல வருஷம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் செய்தேன்.

மேலேயிருந்து சொந்த ஊரைப் பார்த்தால் எப்படி இருக்கும் தெரியுமா? ரொம்பச் சின்னதாக இருக்கும். ஆலையின் புகைபோக்கி, வாசலில் வரிசை கட்டி நிற்கும் டிராக்டர், மாட்டு வண்டி, ஆறு, பிறகு எங்கள் வீட்டு ஓடு. நான் இறங்கினேன். தென்னை உயரத்துக்குச் சற்று மேலே வந்து, ஒரு சுற்று சுற்றினேன். எங்கள் நிலத்தில் சோகை எரிந்துகொண்டிருந்தது, ஓரத்தில் மட்டும், அடக்கமாக. அன்றைக்குக் காற்றே இல்லை. இருந்திருந்தால் உன் தாத்தா வைத்திருக்கவே மாட்டார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து நிலக்காரர் ராமசாமி மாமாவின் கரும்பு, அடுத்த வாரம் வெட்ட வேண்டியது, ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. வரப்பில் அப்பா நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை உருவி வீசினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் அப்பா யாரையும் பார்த்துத் துண்டை வீசி வரவேற்கிற ஆள் இல்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினேன். அவர் இன்னும் வேகமாக வீசினார். இன்னும் இறங்கினேன்.

அவர் வரவேற்கவில்லை பவி. போ போ என்று துரத்தியிருக்கிறார். என் விசிறிக் காற்று தீயைக் கிளப்பிவிடும் என்று, ஹெலிகாப்டரை வாழ்நாளில் கிட்டத்தில் பார்த்திராத அந்த மனிதருக்குத் தெரிந்தது. காற்றின் மேலேயே பிழைப்பு நடத்துகிற எனக்குத் தெரியவில்லை. பொறி வாய்க்காலைத் தாண்டியதை நான் பார்த்தேன். ராமசாமி மாமாவின் கரும்பில் முதலில் ஒரு இடத்தில் புகைந்தது, பிறகு சட்டென்று சிவந்தது. நான் ஹெலிகாப்டரின் மூக்கைத் தூக்கி மேலே ஏறினேன். ஏறும்போது ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு மலைப் பக்கம் திரும்பிப் போய்விட்டேன். டெக்னீஷியன் ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் லாக்புக்கில் வழக்கம்போல எழுதினேன். "நேர் பாதை. குறிப்பு ஏதும் இல்லை." அந்த வரி இப்போது உன் கையில்தான் இருக்கிறது, எடுத்துப் பார்.

பதினைந்து நாள் கழித்து லீவில் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே கருகிய நிலம் தெரிந்தது. வீட்டில் அம்மா, "மொதல்ல சாப்டு" என்று தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நீதான?"

"ஆமாம்பா."

"போடா போடான்னு வீசறேன், நீ வந்துக்கினே கீற."

"கூப்பிடறீங்கன்னு நெனச்சேன்பா."

"நான் எப்படா துண்ட வீசி ஒன்ன கூப்ட்டுக்கிறேன்?" என்றார்.

நடந்ததை அம்மாதான் பிறகு சொன்னாள். ஊர் கூடியபோது, "காத்து பாக்காம நாந்தான் கொளுத்திட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டாராம். எரிந்த கரும்பை உடனே வெட்டி ஆலைக்குப் போடாவிட்டால் சாறு கெட்டுப்போகும். அந்த வாரம் எங்கள் இன்னொரு நிலத்துக்கு ஆலை கொடுத்திருந்த வெட்டு உத்தரவு, அதற்காக வந்திருந்த ஆட்கள், வண்டிகள் எல்லாவற்றையும் ராமசாமி மாமாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். எங்கள் கரும்பு நின்றே பூத்துக் காய்ந்தது. இதெல்லாம் எதற்கு? மகனுடைய இறக்கை போய்விடக் கூடாது. அதற்காக, காற்றுப் பார்க்கத் தெரிந்தவர் என்ற பேரைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்துவிட்டார். "ஒன்னியும் பேசாத. லீவு முடிஞ்சா போய்ச் சேரு. எவனும் கீழ வந்தத பாக்கல. அந்தச் சடையன் ஒருத்தந்தான் சொல்லிக்கினு திரியறான். அவன் பேச்ச யாரு நம்பறது?" என்றார்.

சடையன் மேஸ்திரி யார் என்று சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்டக் குடும்பம் குடும்பமாக இறங்கி வருவார்கள். அப்படி ஒரு கூட்டத்துக்கு மேஸ்திரி அவர். அன்றைக்கு எங்கள் நிலத்தின் மறு ஓரத்தில் கழனியிலேயே நின்றிருக்கிறார். நடந்ததை நடந்தபடி சொன்னவர் அவர் ஒருவர்தான். "பெரியவரு மேல தப்பு இல்லீங்க. மெசினு தாழ வந்துச்சி, அந்தக் காத்துதான் அள்ளிப் போட்டுச்சி" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அப்பாவே, "மெசினு ஒசரத்துல போச்சி. இவன் போதையில ஒளறறான்" என்று மறுத்துவிட்டார். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய், அவரைக் குடிகாரர் ஆக்கியது.

மறுநாள் காலையில் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சடையன் வந்தார். பெஞ்சில் இருந்த ஒருவன், "இன்னா மேஸ்திரி, இன்னிக்கி ஏரோப்ளேன் எத்தினி மணிக்கி?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. "சிரிங்க. நான் பாத்தத சொல்றேன். உள்ள கீறவரு மூஞ்ச கூடப் பாத்தேன். போவும்போது திரும்பிப் பாத்துட்டுத்தான் போனாரு" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அந்த முகம் மூன்றடி தூரத்தில் டீ கிளாசோடு நின்றது. தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் கிளாசை வைத்துவிட்டு நடந்தேன். பவி, எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

லீவை முடிக்காமலே தளத்துக்குத் திரும்பினேன். எங்கள் தலைமை அதிகாரி வடக்கத்தியர், அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் சொன்னேன். அனுமதியில்லாமல் பாதை மாறியது, தாழ்வாகப் பறந்தது, தீ. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "யாராவது புகார் கொடுத்தார்களா?" என்று கேட்டார். "இல்லை சார்." "பத்திரிகையில் வந்ததா?" "இல்லை சார்." "அப்புறம் ஏன் என்னிடம் வந்தாய்?" உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட மாதிரிதான் கேட்டார். "ஒருவர் உண்மையைச் சொல்லிக் குடிகாரர் என்று பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார் சார்" என்றேன். அவர் பேனாவை மறுபடி திறந்துகொண்டு, "அங்கிருந்து கிளம்பும்போது தீ தெரிந்ததா?" என்றார். "புகை தெரிந்தது சார்." இதைக் கவனி. எங்கள் நிலத்தில் புகை தெரிந்தது நிஜம்தான். அவர் கேட்டது அந்தப் புகையை இல்லை, மாமாவின் கரும்பில் நான் பார்த்த தீயை. இறக்கை முழுசாகப் போய்விடுமோ என்று பயந்து ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டேன். அவர் மேலே கேட்கவில்லை. நாலு மாதம் பறக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. நல்ல வேலை ஒன்றும் கொடுத்தார். ஓடுதளத்தில் பறவை விரட்டும் வேலை. பறக்க வேண்டியவன் பறக்கிறதுகளைப் பட்டாசு போட்டு விரட்டிக்கொண்டிருந்தேன். இதுதான் உன் மஞ்சக்காமாலை.

அடுத்த ஞாயிறே ஊருக்குப் போய் ராமசாமி மாமா வீட்டு வாசலில் நின்றேன். அப்பாவும் இருந்தார், சடையனையும் வரச் சொல்லியிருந்தேன். சொன்னேன். மாமா என்னை அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீயேவா ஓட்டுன? தனியாவா?" என்றார். "ஆமா மாமா." "உள்ள எத்தினி பேரு குந்தலாம்?" சொன்னேன். "ஸ்டீரிங்கு கீதா?" அதையும் சொன்னேன். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அவருக்குக் கரும்பு ஞாபகம் வந்தது. அப்பா பக்கம் திரும்பி, "மச்சான், என் கரும்பு எரிஞ்சது கூடப் போவுது. எங்கிட்ட ஏன் பொய் சொன்ன?" என்றார். அப்பா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு பல மாதம் என்னோடும் பேசவில்லை. கவனம் கெட்டவர் என்ற பேரை அவர் தாங்கிக்கொண்டார், பொய் சொன்னவர் என்ற பேரை நான் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த அறுவடையில் ராமசாமி மாமாவே வந்து, "மச்சான், சோக கொளுத்தணும், கொஞ்சம் காத்து பாக்க வாயேன்" என்று கூப்பிட்ட அன்றைக்குத்தான் அவர் எனக்குக் கடிதம் எழுதினார். "காத்து நல்லா இருந்தது" என்று மட்டும் இருந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் இன்னொன்றும் நடந்தது. அதுதான் இந்தக் கடிதம். எல்லோரும் கலைகிற நேரத்தில் சடையன் என் பக்கத்தில் வந்தார். தன்னைக் குடிகாரன் ஆக்கினவன் என்ற கோபமே அவர் முகத்தில் இல்லை. ஆசையாகக் கேட்டார். "தம்பி, போவும்போது திரும்பிப் பாத்தீங்களே, இன்னா பாத்தீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், "யாராவது உள்ள மாட்டிக்கிட்டாங்களான்னு பார்த்தேன்" என்றேன்.

அவருக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "அதான! நான் சொன்னேன்ல! அந்த மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிது, ஜனங்க மேல அக்கறையா திரும்பிச்சின்னு!" என்று சுற்றி நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். டீக்கடை பெஞ்சுக்கும் போய்ச் சொன்னார்.

பொய், பவி. உண்மையைச் சொல்லப் போன இடத்தில், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு, கடைசி வாய் சோற்றில் கல் மாதிரி ஒரு பொய். நான் திரும்பிப் பார்த்தபோது நினைத்தது ஒன்றே ஒன்றுதான். வாலில் எழுதியிருக்கும் எண்ணைக் கீழே யாராவது படித்திருப்பார்களா? அவ்வளவுதான். கரும்புக்குள் ஆள் இருக்குமோ என்ற எண்ணமே வரவில்லை. என் அப்பா அங்கே நின்றார், அவரைக்கூட நினைக்கவில்லை.

பிறகு என் வாழ்க்கை உனக்குத் தெரியும். கப்பலின் பின்தளத்தில், அலைக்கு ஏறி இறங்கும் ஒரு கல்யாண மேடை அளவு இடத்தில், எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். புயலில் சிக்கிய மீனவர்களைக் கயிற்றில் தூக்கியிருக்கிறோம். ஒரு வெள்ளத்தில், பள்ளிக்கூடக் கூரையிலிருந்து கடைசி ஆளையும் ஏற்றிக்கொண்டு, எரிபொருள் குறைவாக இருந்த நேரத்தில் திரும்பும்போது, கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். புளிய மரத்தில் ஒரு சிவப்புத் துணி அசைந்தது. திரும்பிப் போனோம். ஒரு பெண், இடுப்பில் குழந்தை. அதற்குத்தான் அந்தப் பதக்கம், நீ சின்னவளாக இருந்தபோது வாயில் வைத்துக் கடிப்பாயே, அது. என் உதவி விமானி, "எப்படி சார் அந்த நேரத்தில் திரும்பிப் பார்க்கத் தோன்றியது?" என்று கேட்டான். எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. சடையனிடம் சொன்ன பொய்யை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்றா பறந்தேன்? பலநாள் இதை யோசித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. நல்ல காரியத்துக்கு இப்படி ஒரு வேர் இருக்கலாமா? நீ என்ன நினைக்கிறாய் என்று அறிய ஆசை.

ஓய்வு பெற்ற நாள் விருந்தில், "கேட்பதற்கு முன்னாலேயே உண்மையைச் சொன்ன அதிகாரி" என்று என்னைப் பற்றி ஒருவர் பேசினார். நீ பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினாய். "எந்த உண்மைப்பா?" என்று காதில் கேட்டாய். பழைய கதை என்றேன். அதற்கும் ஒரு "ஓ" வந்தது.

நீ போனில் கேட்ட மறுநாள், கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் பஸ் பிடித்தேன். சடையன் மேஸ்திரி இன்னும் இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கல், பல் பாதி இல்லை, குரல் அப்படியே. ஒவ்வொரு வருஷமும் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, "திரும்பிப் பாத்தாருன்னு சொல்வேனே, அவருதான் இவரு" என்று அறிமுகம் செய்வார். இந்தத் தடவையும் செய்தார். களத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது, காலால் கிளறிவிட்டுக்கொண்டே பேசினார். எல்லோரும் போகும்வரை காத்திருந்து, சொல்லிவிட்டேன்.

கால் நின்றுவிட்டது.

"நெம்பரா?" என்றார்.

"ஆமாம். வால்ல எழுதியிருக்கும். யாராவது படிச்சிருந்தா மாட்டிப்பேன்னு நெனச்சேன்."

"இன்னா நெம்பரு?"

சொன்னேன். மூன்று இலக்கம், மறக்கவில்லை. அவர் அதைத் திரும்ப வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "எனக்குத்தான் படிக்கவே தெரியாதே தம்பி" என்றார். சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எம் பேரப் புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லி வெச்சிக்கிறேன்" என்றார். "ஒரு ஆளு தப்பு பண்ணாலும் திரும்பிப் பாக்கணும், அந்தத் தம்பி பாத்தாருன்னு. இப்ப அத இன்னா பண்றது?"

இத்தனை வருஷம் என்னிடம் இல்லாத ஒன்றை எனக்காக அவர் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அதை நான் அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அந்த நேரத்தில் நிஜமாகவே தோன்றியது.

"இத்தினி வருசம் இல்லாம இப்ப ஏன் சொல்றீங்க?"

"எம் பொண்ணு ஓட்டப் போவுது மேஸ்திரி."

"அதுங்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க? அதுங்கிட்ட சொல்லுங்க. ஓட்டப் போறது அதுதான?" என்று சொல்லிவிட்டு மறுபடி சாமையைக் கிளறத் தொடங்கினார்.

வழக்கமாக பஸ் நிற்கும் இடம்வரை கூட வருவார். இந்தத் தடவை வரவில்லை. பஸ் வளைவில் திரும்பும்போது ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் களத்தின் ஓரத்துக்கு வந்து நின்றுகொண்டிருந்தார். கையைத் தூக்கியிருந்தார். எனக்குக் கை காட்டினாரா, வெயிலுக்குக் கண்மேல் வைத்திருந்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு துண்டு அசைந்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டவன் நான். இந்தத் தடவை எனக்குச் சாதகமாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவரை மட்டும்தான் நினைத்தேன், அது நிச்சயம்.

இவ்வளவுதான் பவி அந்த நாலு மாதம். நீ தவறே செய்யமாட்டாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காற்றும் தீயும் கடலும் உள்ள தொழிலில் அப்படி ஒருவரும் இருந்ததில்லை. என்னை நல்ல அதிகாரி என்று நினைத்தே நீ வளர்ந்தாய். இதைப் படித்த பிறகு என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இறக்கை வாங்குவதற்கு முன்னால் நீ பார்க்க வேண்டியது முழு மனிதனை. லாக்புக்கை உன்னிடமே வைத்துக்கொள். மாசி மாதப் பக்கத்தில், "குறிப்பு ஏதும் இல்லை" என்று எழுதியிருக்கும் இடத்தில் இந்தக் கடிதத்தை மடித்து வை.

பதிலுக்கு எனக்கு ஒன்று வேண்டும். நீ முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கியதும் எனக்கு எழுது. எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கும், அது வேண்டாம். கீழே என்ன தெரிந்தது, அதைப் பார்த்தபோது உனக்குள் என்ன ஓடியது, அதை எழுது. அழகாக இல்லாவிட்டாலும், உனக்குப் பெருமையாக இல்லாவிட்டாலும், அதைத்தான் எழுது. கீழே படிக்கத் தெரியாத யாரோ ஒருவர் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், உன்னைப் பற்றி நல்லதையே நம்பிவிடுவார். நீ எழுதுவதை நான் வெள்ளிமலைக்கு எடுத்துப் போய் அவருக்குப் படித்துக் காட்டுவேன். தன் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்ல அவரிடம் இப்போது ஒன்றும் இல்லை.

உன் அப்பா